செய்யூரிலும் திறந்த பக்கம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடம் தள்ளிப்போட்டேன். ஆரம்பித்து, நாலு வரி எழுதி, கிழித்தும் போட்டிருக்கிறேன். நான் பிளஸ் டூவோடு நின்றவள். டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ், அவ்வளவுதான். வெப்சைட்டைப் பற்றி எழுதப் பெரிய படிப்புப் படித்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். சிங்கப்பெருமாள் கோயிலில் வாசல் தெளித்து, விளக்கேற்றி, மூன்று டப்பாவில் சாப்பாடு கட்டி வைத்துவிட்டு ரயில் பிடித்து வேலைக்குப் போன ஒருத்தி என்ன எழுதுவது என்ற கூச்சம் எனக்கு. இன்னொரு பயமும் உண்டு. நல்லபடியாக நடந்ததைச் சொன்னால் பெருமை அடித்துக்கொள்கிறாள் என்பார்கள். நடத்திக் கொடுத்தவர் எங்கள் ஊர்க் குகைக்குள் உட்கார்ந்திருக்கும் நரசிம்மர். அதில் என் பெருமை என்ன இருக்கிறது?

போன மாதம் நிவேதா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற ஆபீசில்தான் அவள் இப்போது வேலை பார்க்கிறாள். ஆபீஸ் கேளம்பாக்கத்துக்கு மாறிவிட்டது. "பத்மாக்கா, இங்க ஒரே சண்டை. எல்லார் போன்லயும் ஒரே பிரவுசர்தான் இருக்கு, அதுல வேலை செஞ்சா போதும், மத்ததுல செக் பண்ண நேரம் இல்லங்கறாங்க. நான் செய்யூர் விஷயத்தைச் சொன்னேன். சும்மா கதை விடாதேன்னு சிரிக்கறாங்க. நீங்க எழுதிக் குடுங்க" என்றாள். இனியும் தள்ளிப்போட மனசு வரவில்லை. பெருமாளை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

நான் வேலைக்கு வந்த கதை பெரிதாக ஒன்றும் இல்லை. கல்யாணப் பத்திரிகை அடிக்கிற பிரஸ்ஸில் டி.டி.பி. ஆபரேட்டராக இருந்தேன். முதலாளி பிரஸ்ஸை மகனிடம் கொடுத்தார், மகன் மூடிவிட்டார். செங்கல்பட்டு ஸ்டேஷன் பக்கம், மெடிக்கல் ஷாப்புக்கு மேல் மாடியில், வெப்சைட் செய்து தரும் ஆபீசில் தமிழ் டைப் அடிக்க ஆள் கேட்டார்கள். போனேன். கொஞ்ச நாளில் கோடிங்கும் கற்றுக்கொண்டேன். இது தலைப்பு, இது பத்தி, இது பட்டன் என்று ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் ஓர் அடையாளம் வைப்பதுதான் அடிப்படை. பிரஸ்ஸில் புரூஃப் திருத்திய கைக்கு அது சீக்கிரம் பழகிவிட்டது.

எங்களுக்குத் தலைமை ஹேமலதா மேடம். கல்பாக்கம் டவுன்ஷிப்பில் வளர்ந்தவர், என்னைவிட வயதில் நன்றாகச் சின்னவர். நான் அவரை மேடம் என்பேன், அவர் என்னை அக்கா என்பார். கோபம் வந்தால் அவர் குரல் உயராது, இறங்கும். மின்விசிறி சத்தத்தில் மேடம் பேசுவது காதில் விழவில்லையென்றால் அன்றைக்கு யாரோ மாட்டினார்கள் என்று அர்த்தம். ஆனால் தப்பைத் தப்பு என்று ஒருநாளும் சொன்னதில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு நம் பக்கத்தில் உட்காருவார். "இந்தப் பக்கம் என்ன சொல்லுது? எனக்குப் படிச்சுக் காட்டுங்க" என்பார். நாம் வாய்விட்டுப் படிக்கும்போதே தப்பு நம் நாக்கில் இடறிவிடும்.

ஒரு பக்கம் முடிந்தது என்று நாங்கள் சொன்னால் அவருக்கு அது முடிந்ததாகாது. முதலில் கலர், படம், பின்னணி எல்லாவற்றையும் அணைக்கச் சொல்லுவார். வெறும் வெள்ளையில் கறுப்பு எழுத்து மட்டும் நிற்கும். அதை மேலிருந்து கீழே படித்தால் அர்த்தம் வரவேண்டும். "அபிஷேகத்துக்கு அலங்காரத்தை எல்லாம் எடுத்துடறாங்க. அப்பவும் அவர் பெருமாள்தானே அக்கா? பக்கமும் அப்படி இருக்கணும்" என்று எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். அதற்குப் பிறகு எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

அடுத்தது மவுஸ். வெள்ளிக்கிழமை மதியம் ஒரு பழைய பிஸ்கட் டின்னோடு வருவார். எல்லார் மவுஸையும் கழற்றி அதில் போட்டு, மூடித் தன் மேஜை மேல் வைத்துக்கொள்வார். கீபோர்டில் டேப் கீயை மட்டும் தட்டித் தட்டி, தளத்தின் கடைசி பட்டன்வரை நாங்கள் போய்வர வேண்டும். மவுஸ் பிடிக்கக் கை வராதவர்கள், கண் தெரியாமல் கணினியைப் படிக்கச் சொல்லிக் கேட்பவர்கள் எல்லாம் அப்படித்தான் வருவார்கள் என்பார். எங்கேயாவது நடுவழியில் நின்றுவிட்டால் அந்த வேலை திரும்ப எழுதப்பட வேண்டும்.

அதற்கும் பிறகு மூலை மேஜை. அங்கே பழைய கணினிகளைச் சுற்றி வைத்திருந்தோம். ஒன்றில் எல்லாரும் வைத்திருக்கும் பெரிய பிரவுசர், ஒன்றில் அதே பிரவுசரின் பழைய பதிப்பு, ஒன்றில் வேறு நிறுவனத்துடையது, ஒன்றில் இலவச சிஸ்டமும் அதற்கான இலவச பிரவுசரும். எல்லாவற்றிலும் பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டும். எங்களோடு வேலை பார்த்த கோபி அந்த மேஜைக்கு நவகிரகம் என்று பேர் வைத்திருந்தான். "இன்னாக்கா, சுத்திட்டியா? சனீஸ்வரன் இன்னா சொல்றாரு?" என்று கேட்பான். சனீஸ்வரன் என்றால் அந்தப் பழைய பதிப்பு. அது எப்போதும் ஏதாவது ஒரு தொல்லை கொடுக்கும்.

ஏன் இவ்வளவும் என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். வெப் பக்கம் எப்படி எழுதப்பட வேண்டும் என்று உலகத்துக்கெல்லாம் பொதுவாக விதிகள் உண்டு. ஸ்டாண்டர்ட்ஸ் என்பார்கள். ஆனால் அந்த நாட்களில் கணினி வாங்கினால் ஒரு பிரவுசர் கூடவே வந்தது. ஏறக்குறைய எல்லாரும் அதையே வைத்திருந்தார்கள். அது சில விதிகளைத் தன் இஷ்டத்துக்குப் புரிந்துகொண்டது. ஒரு பெட்டியின் அகலம் இவ்வளவு என்று நாம் எழுதினால், உள்ளே விடுகிற இடைவெளியை விதி தனியாகக் கூட்டும். அதன் பழைய பதிப்போ இடைவெளியையும் அகலத்துக்குள்ளேயே அடக்கிவிடும். அதனால் டிசைன் செய்பவர்கள் விதியைப் பார்க்காமல், அந்தப் பிரவுசரில் கண்ணுக்குச் சரியாகத் தெரியும்வரை அளவை மாற்றிக்கொண்டே போவார்கள். இஞ்ச் டேப் தேய்ந்துபோன டெய்லர், ஊரில் எல்லார் ஜாக்கெட்டையும் அதே டேப்பில் தைத்தால் எப்படி? தன் கடையில் சரியாக இருக்கும். வேறு டேப் வைத்து அளந்தவுடன் தெரிந்துவிடும்.

மாமல்லபுரத்தில் ஒரு லாட்ஜ் முதலாளிக்கு அப்படித்தான் தெரிந்தது. அவருடைய தளத்தைச் செய்தது வேறு யாரோ. ஒரு வெளிநாட்டு விருந்தாளி தன் லேப்டாப்பை ரிசப்ஷனில் திருப்பிக் காட்டியிருக்கிறார். அதில் கடல் படத்தின் மேல் ரூம் விவரம் ஏறி உட்கார்ந்திருந்தது, போன் நம்பர் எங்கேயோ புதைந்துவிட்டது. முதலாளி எங்களிடம் ஓடி வந்தார். "எங்க கம்ப்யூட்டர்ல நல்லாதானே கீது? வெள்ளைக்காரன் கம்ப்யூட்டர்ல மட்டும் ஏன் இப்படி பல்லக் காட்டுது?" என்றார். பெட்டி அளவுகளை விதிப்படி மாற்றி எழுதினேன். பெரிய பிரவுசருக்குத் தனியாக ஒரு சின்ன ஏற்பாடு. நவகிரகம் முழுக்கச் சரியாகத் திறந்தது. அந்த மனிதர் சொல்லித்தான் கடற்கரையோரம் எங்களுக்குப் பல வேலைகள் வந்தன. அன்றைக்குத்தான் மேடத்தின் முறை எனக்கு நம்பிக்கையாக மாறியது.

இனி செய்யூர் விஷயம்.

எங்கள் ஊருக்குப் பக்கத்துத் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலை. பெயர் வேண்டாம். ஐ.டி.ஐ. படித்தவர்களை வேலைக்கு எடுக்க ஒரு தளம் கேட்டார்கள். விண்ணப்பம் ஆன்லைனில் மட்டும். படிவத்தோடு ஒரு சின்னக் கேள்வித்தாளும் உண்டு, விண்ணப்பிக்கிறவரே உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். எங்கள் ஆபீசுக்கு அதுவரை வந்ததில் பெரிய வேலை அதுதான். நாங்கள் விதிப்படி எழுதி, டின்னில் மவுஸ் போட்டு, நவகிரகம் சுற்றிக் கொடுத்தோம்.

தொழிற்சாலையில் ஆளெடுக்கும் பிரிவின் மேனேஜர் ராஜசேகர் சார். மரியாதையான மனிதர். அவருக்கும் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் அவர்களுடைய தலைமை அலுவலகத்திலிருந்து கொஞ்சம் கோடிங் வந்தது. மெனு வழுக்கிக்கொண்டு இறங்கும், பட்டன் மின்னும். அதைத்தான் போட வேண்டும் என்று உத்தரவு. அது அந்தப் பெரிய பிரவுசருக்கு மட்டும் புரிகிற கட்டளைகளால் எழுதப்பட்டிருந்தது. மற்றதில் அந்தப் பட்டன் பட்டனே இல்லை, பட்டன் மாதிரி ஒரு படம்.

மேடம் போனில் சொல்லிப் பார்த்தார். மறுபக்கம் சார் பேசியது எங்களுக்கும் கேட்டது.

"மேடம், உலகம் பூரா அதான் யூஸ் பண்றாங்க. எங்க ஹெட் ஆபீஸ், பேங்க், எல்லாம் அதான். நீங்க மட்டும் ஏன் அடம் பிடிக்கறீங்க? வேணும்னா மேல ஒரு வரி போட்டுடுங்க, இந்த பிரவுசர்லதான் பார்க்கணும்னு."

மேடத்தின் குரல் இறங்கியது. "போடறேன் சார். எங்களுக்கு இதுல சம்மதம் இல்லைன்னு எழுத்துலயும் அனுப்பறேன்" என்றார். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நம்ம பக்கத்தை அழிக்காதீங்கக்கா. பத்திரமா இருக்கட்டும்."

தளம் போனது. எல்லாப் பக்கத்திலும் அடியில் வழக்கம்போல எங்கள் ஆபீசின் பெயரும் ஊரும் இருந்தது. அதைப் பார்த்துத்தான் முருகேசன் வந்தார்.

கடைசித் தேதிக்குச் சில நாள்தான் இருந்தது. மாடிப்படியில் திடுதிடுவென்று சத்தம். வேட்டியை மடித்துக் கட்டிய ஓர் ஆள், வியர்வையோடு வந்து நின்றார். செய்யூரில் நெட் சென்டர் வைத்திருப்பவர்.

"இங்க யாருக்கா வெப்சைட் போடறது? உங்க பேரத்தான் அடியில போட்டுகினு கீது. பட்டன அமுக்குனா ஒண்ணுமே ஆவல. ஊர்ல எல்லாரும் என்னத்தான் திட்டிகினு கீறாங்க. ஓட்டக் கம்ப்யூட்டர வெச்சிகினு கடை நடத்தறியான்னு!"

கோபி நாற்காலி போட்டான். "உக்காரு அண்ணாத்த. இன்னா சிஸ்டம் போட்டிருக்க?"

"எது காசில்லாம வந்துச்சோ அது. வைரஸ் வந்து வந்து எல்லாம் பூட்ச்சி. காலேஜ் பையன் ஒருத்தன் இலவசமா ஒண்ணு போட்டுக் குடுத்தான். அன்னிலேர்ந்து ஒரு பேஜாரும் இல்ல. உங்க பட்டன் ஒண்ணுதான் பேஜாரு."

எங்கள் நவகிரகத்தில் இருந்த அதே இலவச சிஸ்டம். விஷயத்தைக் கேட்டோம். அவர் தங்கை தேன்மொழி ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவள். அவளோடு படித்த பெண்கள் சுற்று வட்டாரத்தில் பத்துப் பன்னிரண்டு பேர். எல்லாரும் இந்த வேலைக்குக் காத்திருந்தார்கள். தேன்மொழிக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. அடுத்த முறை ஆளெடுக்கும்போது அவளுக்கு வயது தாண்டிவிடும்.

நான் சொன்னேன். "அப்ப தங்கச்சியை நாளைக்கே இங்க கூட்டிட்டு வாங்க தம்பி. எங்க கம்ப்யூட்டர்லயே போட்டுக் குடுத்துடறேன்."

முருகேசன் தலையை ஆட்டினார். "அத்த நானும் சொன்னேங்க்கா. இட்டாந்துடுவேன். அவ வரமாட்டேன்றா. ஏன்னா, ஊர்ல ஒத்தையா ஒரு பொண்ண பேக்டரிக்கு அனுப்ப மாட்டாங்க. எல்லாரும் ஒண்ணா ஒரே வண்டில போய் ஒண்ணா வர்றதுன்னா வுடறோம்னு பெரியவங்க சொல்லிக்கீறாங்க. நிலத்துல மல்லாட்டை புடுங்கற நேரம் வேற. பன்னெண்டு வூட்டுப் பொண்ணுங்களையும் செங்கல்பட்டுக்கு யாரு வுடுவா? என் கடைன்னா சாயந்திரமா வந்து போட்டுட்டுப் போவாங்க. மத்தவங்க போடலன்னா எங்க நைனா அவளையும் அனுப்ப மாட்டாரு."

மேடம் சும்மா அந்தப் பிஸ்கட் டின்னைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். பிறகு ராஜசேகர் சாருக்குப் போன் செய்தார். அவர் அவசரத்தில் இருந்தார். அந்த ஆளின் கணினிதான் சரியில்லை, தலைமை அலுவலகம் ஒப்புதல் கொடுத்ததைத் தன்னால் மாற்ற முடியாது என்றார்.

"அப்ப கம்ப்யூட்டரையே கொண்டுவந்து காட்டறோம் சார்" என்றார் மேடம்.

சரி, காலையில் வாருங்கள் என்று சார் போனை வைத்துவிட்டார். நாங்கள் மேடத்தைப் பார்த்தோம். அவர் முருகேசனைப் பார்த்தார்.

"கொண்டாறேன்" என்றார் முருகேசன். "அதுக்கு இன்னா இப்ப!"

மறுநாள் விடியற்காலையில் குகைக் கோயிலுக்குப் போனேன். அந்த மலையை ஒரு சுற்று வந்தால்தான் பெருமாளை முழுசாகச் சுற்றியதாகும். சுற்றி வந்து, "அப்பா, எனக்கென்று ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பெண் பிள்ளைகளுக்கு வழி விடு. உனக்குப் பானகம் வைக்கிறேன்" என்று வேண்டிக்கொண்டேன். கோயிலிலிருந்து நேராகத் தொழிற்சாலை கேட்டுக்குப் போனேன். மேடம் ஆட்டோவில் வந்து இறங்கினார். முருகேசன் செய்யூரிலிருந்து பஸ் மாறி வந்தார். மடியில் சி.பி.யூ. பெட்டி. அடிபடாமல் இருக்க அவர் அம்மாவின் பழைய நூல் புடவையைச் சுற்றியிருந்தார்.

"கண்டக்டரு கேக்கறான்க்கா, இன்னா அண்ணாத்த, சாமியா, புடவை சாத்தியிருக்கன்னு. ஆமாம்பா, எழுந்தருளப் பண்ணிகினு போறோம்னேன். லக்கேஜ் டிக்கெட் போடாம வுட்டுட்டான்."

சிரித்தோம். ஆனால் கேட்டில் சிரிப்பு நின்றது. செக்யூரிட்டி விடவில்லை. வெளியிலிருந்து கணினி எதுவும் உள்ளே போகக் கூடாதாம்.

"சார் வரச் சொல்லியிருக்காரு" என்றேன்.

"உங்கள வரச் சொல்லியிருக்காரும்மா. பொட்டிய வரச் சொல்லல" என்றார் செக்யூரிட்டி.

மேடம் வாதம் செய்யவில்லை. போனில் சாரைக் கூப்பிட்டு, எங்களை உள்ளே விடவில்லை, நீங்கள் கேட்டுக்கு வர முடியுமா என்று மட்டும் கேட்டார். வெகுநேரம் வெயிலில் நின்றோம். கடைசியில் அவர் வந்தார், முகத்தில் எரிச்சலோடு. மேடம் அமைதியாக வணக்கம் சொன்னார். செக்யூரிட்டி ரூமில் பார்வையாளர் பாஸ் அடிக்கும் கணினி ஒன்று இருந்தது. அதன் திரையையும் கீபோர்டையும் மவுஸையும் கொஞ்ச நேரத்துக்குக் கேட்டு வாங்கி, புடவையைப் பிரித்து, முருகேசனின் பெட்டியில் மாட்டினோம். தளத்தில் இருந்த பக்கத்தையும் நாங்கள் முதலில் எழுதியதையும் முந்தின நாளே அவரிடம் கொடுத்தனுப்பி, அதில் ஏற்றி வைக்கச் சொல்லியிருந்தோம்.

முதலில் தளத்தில் இருந்ததைத் திறந்தேன். மெனு இறங்கவில்லை. சார் தானே முன்னால் குனிந்து பட்டனை அமுக்கினார். இன்னொரு தடவை அமுக்கினார். எதுவும் நடக்கவில்லை.

"நான்தான் சொன்னேனே, உங்க சிஸ்டம் சரியில்ல" என்றார்.

மேடம் எனக்குக் கண் காட்டினார். எங்கள் பக்கத்தைத் திறந்தேன். அதே பெட்டி, அதே திரை. மவுஸைத் தொடாமல் டேப் கீயிலேயே போனேன். பெயர், ஊர், படித்த தொழில், கேள்விகள். பட்டனுக்கு வந்து என்டர் தட்டினேன். அடுத்த பக்கம் வந்தது. செக்யூரிட்டிகூட எட்டிப் பார்த்தார்.

சார் நிமிர்ந்து நின்றார். பிறகு சொன்னார். "சரி, ஒத்துக்கறேன். ஆனா இந்த மாதிரி எத்தனை பேர் இருப்பாங்க? இதுவரைக்கும் எங்களுக்கு அப்ளை பண்ணவங்க கணக்கைப் பார்த்தேன். எல்லாரும் அந்தப் பெரிய பிரவுசர்தான். வேற ஒண்ணுலேர்ந்து ஒருத்தர்கூட வரலையே. யாரும் இல்லாத ஒண்ணுக்கு நான் ஹெட் ஆபீஸோட சண்டை போடணுமா?"

புள்ளிவிவரம் என்றால் அதற்கு மேல் பேச முடியுமா? முருகேசன்தான் வாயைத் திறந்தார். சண்டைக் குரலில் இல்லை, ஏதோ நியாயம் கேட்பது போல.

"எப்படி சார் வரும்? பட்டனே வேலை செய்யலயே. உள்ள வந்தவங்கள எண்ணிக்கீறீங்க. என் கடைல உக்காந்து அமுக்கி அமுக்கிப் பாத்துட்டுத் திரும்பிப் போனவங்கள நான் பாத்தேன். அவங்கள எந்தக் கணக்குல வெச்சிக்கீறீங்க?"

சார் அவரைப் பார்த்தார். அந்தப் பழைய புடவையைப் பார்த்தார். நாங்கள் நின்றிருந்த கேட்டையும் ஒரு தடவை பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"செய்யூர்ல எங்க?" என்று கேட்டார்.

"பஸ் ஸ்டாண்ட் பக்கம் சார்."

"எத்தனை பொண்ணுங்க?"

"பன்னெண்டு பேரு. எல்லாம் ஃபிட்டரு, வெல்டரு."

"வெல்டர் பொண்ணுங்களா?" சாரின் முகம் மாறிவிட்டது. "வெல்டர் கிடைக்காம நாங்க அலையறோம். ஏன்யா முன்னாடியே சொல்லல?"

"சொல்றதுக்குத்தான் சார் பட்டன அமுக்குனோம்" என்றார் முருகேசன். செக்யூரிட்டி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சாரும் சிரித்துவிட்டார்.

பிறகு அவர் கேட்டது நியாயமான கேள்வி. "மேடம், இதை மாத்தினா ஹெட் ஆபீஸ் கம்ப்யூட்டர்ல உடையாதே?"

"உடையாது சார். அவங்க கேட்ட மெனுவும் மின்னலும் மேல இருக்கும், புரியற பிரவுசருக்குத் தெரியும். புரியாததுக்கு வெறும் பக்கம் வரும். ரெண்டுலயும் பட்டன் வேலை செய்யும். இந்தாங்க சி.டி., உங்க மேஜையிலயே பார்த்துக்கோங்க" என்றார் மேடம். அதை முந்தின நாளே அவர் செய்து முடித்திருந்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

சார் சி.டி.யோடு உள்ளே போனார். செக்யூரிட்டி எங்களுக்கு மோர் வாங்கிக் கொடுத்தார். அந்த நேரத்தில் நான் மனசுக்குள் எத்தனை தடவை பெருமாளைக் கூப்பிட்டேன் என்று கணக்கில்லை. சார் திரும்பி வந்தபோது ஓடாத குறையாக வந்தார். எல்லாவற்றிலும் திறந்ததாம். தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்து, என் பொறுப்பில் மாற்றுகிறேன் என்று சொல்லிவிட்டாராம். அந்த ஒரு வார்த்தையைச் சொல்வது அவருக்கு லேசான காரியம் இல்லை. அவர் வேலைக்கே சங்கடம் வந்திருக்கலாம்.

"இன்னிக்கே ஏத்திடுங்க" என்றார்.

செங்கல்பட்டுக்குப் பறந்தோம். கோபி தயாராக உட்கார்ந்திருந்தான். பக்கத்தை ஏற்றி, நவகிரகம் முழுக்கச் சுற்றினோம். அன்றைக்கு சனீஸ்வரனும் அடங்கிவிட்டார். முருகேசன் பெட்டியைக் கட்டிக்கொண்டு செய்யூர் பஸ் ஏறினார்.

சாயந்திரம் விளக்கு வைக்கும் நேரத்தில் ஆபீஸ் போன் அடித்தது. நான்தான் எடுத்தேன். மறுமுனையில் ஒரே இரைச்சல்.

"அக்கா, நான் தேன்மொழி பேசறேன். அமுக்கிட்டேன்க்கா! 'உங்கள் விண்ணப்பம் கிடைத்தது'ன்னு வந்துகீது!"

பின்னால் யாரோ, "ஏய் எழுந்திருடி, அடுத்து நானு" என்று கத்துகிறாள். இன்னொருத்தி, "எனக்கு அப்புறம்தான் நீ!" என்கிறாள். முருகேசன், "மெதுவாம்மா, மெதுவா, கீபோர்டு ஒடஞ்சிடப் போவுது" என்று கெஞ்சுகிறார். நான் போனை மேடத்தின் காதில் வைத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சரி, வெள்ளிக்கிழமை டின் வரும், எல்லாரும் ரெடியா இருங்க" என்றார். அதுதான் அவருடைய ஆனந்தக் கண்ணீர்.

கடைசித் தேதிக்குள் பன்னிரண்டு பேரும் போட்டார்கள். அவர்கள் மட்டும் இல்லை. எங்கெங்கோ கிராமத்து நெட் சென்டர்களில் இருந்தும், நாங்கள் பேரே கேள்விப்படாத பிரவுசர்களில் இருந்தும் விண்ணப்பங்கள் வந்தனவாம். ராஜசேகர் சார் போன் செய்து சொன்னார். "மேடம், நம்ம கணக்கு மாறிடுச்சு" என்று சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார்.

நான் சொன்னபடி பானகம் வைத்துப் படைத்தேன். வெல்லமும் சுக்கும் ஏலக்காயும் போட்டு ஒரு தூக்கு நிறைய ஆபீசுக்கும் கொண்டுபோனேன். அன்று வேறு வேலையாக எங்கள் ஆபீசுக்கு வந்த சாரும் இரண்டு டம்ளர் வாங்கிக் குடித்தார். அந்தத் தொழிற்சாலையின் தளங்கள் எல்லாம் அதன்பிறகு எங்கள் கைக்கே வந்தன. அவரே மற்ற கம்பெனிக்காரர்களிடம், "பட்டன் எல்லா ஊர்லயும் வேலை செய்யணும்னா செங்கல்பட்டுக்குப் போங்க" என்று சொல்லி அனுப்பினார்.

அதற்கப்புறம் கைப்போனிலேயே வெப்சைட் பார்க்கும் காலம் வந்தது. அந்தப் பெரிய பிரவுசர் அதில் கிடையாது. அதை நம்பி எழுதிய தளங்கள் எல்லாம் ஒரே நாளில் ஊமையாகிவிட்டது போல ஆனது. ஊரெல்லாம் இடித்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் மாமல்லபுரத்து லாட்ஜ் பக்கத்தை ஒரு போனில் திறந்தோம். எழுத்து சின்னதாக இருந்தது, ஆனால் எல்லாம் திறந்தது, எல்லாப் பட்டனும் வேலை செய்தது. கோபி அந்தப் போனைத் தூக்கிப் பிடித்து ஆபீஸ் முழுக்க ஆடினான். பின்னாளில் அந்தப் பெரிய பிரவுசரே இல்லாமல் போனது. அந்தக் காலத்தில் அதுதான் உலகம் என்றார்கள். இப்போது என் பேரனுக்கு அதன் பெயர்கூடத் தெரியாது. நாங்கள் பிடித்துக்கொண்டிருந்த விதிகளோ இன்னும் இருக்கின்றன.

தேன்மொழி இன்றைக்கு அந்தத் தொழிற்சாலையில் ஒரு பிரிவுக்கே சூப்பர்வைசர். அன்றைக்குப் போட்ட பன்னிரண்டு பேருக்குமே வேலை கிடைத்தது. அவர்கள் முதல் நாள் வேலைக்குப் போனபோது, அவளைப் பார்க்க வேண்டும் என்று நான் தொழிற்சாலை கேட் பக்கத்தில் போய் நின்றேன். கம்பெனி வண்டி வந்தது. பன்னிரண்டு பேரும் ஒன்றாக இறங்கினார்கள், நீலச் சட்டை, தலையில் பூ. முன்பு எங்களை மறித்த அதே செக்யூரிட்டி கேட்டை விரியத் திறந்துவிட்டார். என்னைத் தெரிந்துகொண்டு, "பொட்டிய இன்னிக்கு எடுத்துகினு வரலயாம்மா?" என்றார். அந்தப் பிள்ளைகள் வரிசையாக உள்ளே போவதை நான் கைகூப்பிக்கொண்டு பார்த்தேன்.

நிவேதாவுக்கும் அவளோடு வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கும் நான் சொல்வது இதுதான். இப்போதும் ஒன்றை எல்லாரும் வைத்திருக்கிறார்கள் என்பீர்கள். இருக்கலாம். உங்கள் கணக்கு பொய் என்று நான் சொல்லவில்லை. திரும்பிப் போனவர்கள் அதில் இருக்க மாட்டார்கள் என்று மட்டும் சொல்கிறேன். விதிப்படி எழுதுங்கள். வாரத்துக்கு ஒரு மதியம் மவுஸை டின்னில் போடுங்கள்.

படிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். இதை யாருக்காவது அனுப்ப நினைத்தால் அப்படியே அனுப்புங்கள், ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல். என்னைக் கெட்டிக்காரியாக மாற்றிவிடாதீர்கள். நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது கேள்வி கேட்டது முருகேசன், வழி செய்து வைத்திருந்தது மேடம், வழி விட்டது பெருமாள். முக்கியமாக, கதை சுவையாக இருக்கட்டும் என்று ராஜசேகர் சாரைக் கெட்டவராக்கிவிடாதீர்கள். எங்களை உள்ளே விடவில்லை என்று தெரிந்ததும் அந்த வெயிலில் வெளியே இறங்கி வந்து, தன் கையால் பட்டனை அமுக்கிப் பார்த்த மனிதர் அவர்.